வாலாட்டும் தசை

லயத்து வாசலில் சுருண்டு கிடக்கும் நாய், கொழுந்து நிறுத்துவிட்டு வரும் வீட்டுக்காரியைக் கண்டதும் எழுந்து வாலை ஆட்டுகிறது. அந்த வாலைப் பக்கத்துக்குப் பக்கம் இழுக்கிற தசைகளில் சில, இடுப்பெலும்பின் உட்சுவரிலிருந்து புறப்பட்டு வாலின் அடியெலும்பில் போய் ஒட்டுகின்றன. அவளுடைய உடம்பிலும் அதே தசைகள் உண்டு, வால்தான் இல்லை. நாய்க்கு அவை வாலாட்ட உதவுகின்றன. அவளுக்கோ கருப்பை, சலப்பை, மலக்குடல் மூன்றையும் கீழே விழாமல் தாங்குகின்றன.

நான்கு காலில் நிற்கும் விலங்கின் உள்ளுறுப்புகளுடைய பாரம் வயிற்றுச் சுவரில் இறங்குகிறது. மனித இனம் எழுந்து நின்றதும் அந்தப் பாரம் இடுப்பெலும்பின் அடித் திறப்பை நோக்கித் திரும்பிவிட்டது. அந்தத் திறப்பை அடைக்கப் புதிதாக ஒரு தசையைப் படைக்கிற வழக்கம் பரிணாமத்துக்குக் கிடையாது. கையிலிருந்த வால் தசைகளே வேலை மாறின. முன் இடுப்பெலும்பின் பின்புறத்திலிருந்து வால் எலும்புவரை, இரு பக்கச் சுவர்களையும் பிடித்துக்கொண்டு, ஏணைத்துணி தொங்குவதுபோல அவை தொங்குகின்றன. இதற்கு இடுப்புத்தளம் என்று பெயர். அதன் முக்கிய தசையை மருத்துவ நூல்கள் ‘லிவேட்டர் ஏனை’ என்கின்றன. பெரும்பாலான இடங்களில் அதன் தடிப்பு ஒரு சென்டிமீற்றர்கூட வராது. இருமல், தும்மல், சிரிப்பு, சுமை தூக்கல் என எது வந்தாலும் அது இறுகிக் கொடுக்கிறது. நாம் உறங்கும்போதும் அது முழுதாக உறங்குவதில்லை.

இத்தனை முக்கியமான தளம் இன்னும் கொஞ்சம் தடிப்பாக, இன்னும் இறுக்கமாக இருந்தால் என்ன? டெக்சாஸ், வியன்னா பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர்கள் இந்தக் கேள்வியைக் கணினி மாதிரியில் போட்டுப் பார்த்து 2021இல் வெளியிட்டார்கள். தளம் அகலமாக இருந்தால் பாரத்தில் அதிகம் தொய்கிறது. சிறிதாகவும் தடிப்பாகவும் இருந்தால் நன்றாகத் தாங்குகிறது. ஆனால் அப்படிப்பட்ட தளத்தை விலக்கிக்கொண்டு ஒரு பிள்ளை வெளியே வருவது கடினமாகிவிடுகிறது. தாங்கவும் வேண்டும், வழிவிடவும் வேண்டும். இரண்டுக்கும் நடுவே உடம்பு ஒரு சமரசத்தில் நிற்கிறது. அந்தச் சமரசத்தின் விலையைப் பெண்ணே கொடுக்கிறாள்.

விலை எவ்வளவு என்று அளப்பது எளிதல்ல. பிரசவ நேரத்தில் எந்தப் பெண்ணின் உள்தசையிலும் அளவுகோல் வைக்க முடியாது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஜோன் டிலான்சி, ஜேம்ஸ் அஷ்டன்-மில்லர் குழுவினர் ஒரு பெண்ணின் எம்.ஆர்.ஐ. படங்களிலிருந்து இடுப்புத்தளத்தைக் கணினியில் கட்டியெழுப்பி, அதனூடாக ஒரு குழந்தையின் தலையைச் செலுத்திப் பார்த்தார்கள். தலையின் குறுக்களவு ஏறத்தாழ ஒன்பதரை சென்டிமீற்றர். தலை வெளிவரும் கணத்தில், நடுவிலிருக்கும் தசைப்பகுதி தன் பழைய நீளத்தைப்போல 3.26 மடங்கு நீண்டது. 2004இல் இந்த எண்ணை வெளியிட்டபோது அவர்களே வியந்திருப்பார்கள். கை, கால்களில் உள்ள சாதாரணத் தசை ஒன்றரை மடங்குக்கு மேல் இழுபட்டாலே காயப்படுகிறது. மூன்று மடங்கு என்பது கிழிந்து தொங்க வேண்டிய நீளம். ஆனாலும் பெரும்பாலான பெண்களுக்கு அது கிழிவதில்லை.

ஏன் என்பதற்கு ஒரு பாதி விடை எலியிடம் கிடைத்தது. கலிபோர்னியாவில் மரியானா அல்பெரின் குழுவினர் கருவுற்ற எலிகளின் இடுப்புத்தளத் தசைநார்களை அளந்து 2015இல் எழுதினார்கள். கர்ப்ப காலத்திலேயே அந்த நார்கள் நீளுகின்றன. வெறுமனே இழுபட்டு நீளவில்லை. தசையின் சுருங்கும் அலகுகள் வரிசையில் புதிதாகச் சேர்க்கப்பட்டு நீளுகின்றன. பிள்ளை வரப்போகிறது என்ற செய்தி தசைக்கு முன்கூட்டியே போய்விடுகிறது. காலில் இருக்கும் தசையில் இந்த மாற்றம் இல்லை. பெண்களின் உடலிலும் இதே ஏற்பாடு நடக்கிறதென்று நம்பக் காரணம் உண்டு. எனக்கு இந்தக் கதையிலேயே பெரிய அதிசயம் இதுதான்.

ஏற்பாடு எல்லோருக்கும் போதுவதில்லை. சிலருக்குத் தசை முன் இடுப்பெலும்பில் ஒட்டியிருக்கும் இடத்திலிருந்தே பிய்ந்துவிடுகிறது. தோலில் ஒரு கீறல்கூட இல்லாமலும் இருக்கலாம். தையல் போடும் வைத்தியரின் கண்ணுக்கும் தெரியாது. சிட்னியில் பீற்றர் டீட்ஸ் போன்றவர்கள் முப்பரிமாண ஸ்கேனில் பார்க்கத் தொடங்கிய பிறகுதான், அதாவது இந்த நூற்றாண்டில்தான், இப்படி ஒரு காயம் எத்தனை பேருக்கு நேர்கிறது என்பதே உலகுக்குத் தெரியவந்தது. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த கணக்கு இது: கருவியில்லாமல் இயல்பாகப் பெற்றவர்களில் ஏறத்தாழ ஏழு பேரில் ஒருவருக்கு, வெக்கியூம் வைத்து எடுத்தவர்களில் ஐந்து பேரில் ஒருவருக்கு, இடுக்கி போட்டு எடுத்தவர்களில் மூன்று பேரில் ஒருவருக்கும் அதிகமாக. சிசேரியனில் அநேகமாக இல்லை.

பெல்மதுளைப் பக்கத்துத் தோட்டங்களில் ஒரு பெண்ணின் பிரசவம் இந்த நான்கில் எந்த வழியில் நடக்கப்போகிறது என்பது அவள் கையில் இருப்பதில்லை. இரத்தினபுரியிலிருந்து பலாங்கொடைக்குப் போகும் வீதியில், எம்பிலிப்பிட்டிய பாதை பிரிகிற சந்தி பெல்மதுளை. இறப்பர், தாழ்நிலத் தேயிலை, மாணிக்கக் குழி மூன்றும் ஒன்றையொன்று உரசிக்கிடக்கும் ஊர். அவள் பாட்டி லயத்துக் காம்பிராவில், தோட்டத்து மருத்துவச்சியின் கையில் பிள்ளை பெற்றவள். அம்மா தோட்டத்து ஆஸ்பத்திரியில் பெற்றிருக்கலாம். மகள் ஓட்டோவிலோ அம்புலன்சிலோ கஹவத்தைக்கோ, சிக்கல் என்றால் இரத்தினபுரி போதனா வைத்தியசாலைக்கோ போகிறாள். இலங்கையில் இன்று நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு மேற்பட்ட பிரசவங்கள் வைத்தியசாலையில்தான் நடக்கின்றன. 1930களில் ஒரு இலட்சம் பிரசவங்களுக்கு இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட தாய்மார் இறந்த நாடு இது. இன்று அந்த எண் முப்பதை ஒட்டி நிற்கிறது. 1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவும், அதிலிருந்து கிராமம் கிராமமாகப் பரவிய மிட்வைஃப்மாரும் செய்த வேலை அது. தோட்டங்களுக்கு அந்த வரிசையில் கடைசியாகத்தான் இடம் கிடைத்தது. தோட்ட வைத்தியசாலைகளை அரசு பொறுப்பேற்கத் தொடங்கியதே 1990களில்.

தாய் பிழைத்தாளா, பிள்ளை பிழைத்ததா என்ற கேள்வி உயிரை உலுக்கிய காலத்தில் இடுப்புத்தளத்தை யார் நினைத்திருப்பார்கள்? அது நியாயம். இப்போது அந்தக் கேள்விக்குப் பெரும்பாலும் பதில் கிடைத்துவிட்டது. ஆகவே அடுத்த கேள்வியைக் கேட்கலாம்: பிழைத்தவள் எப்படி நடமாடுகிறாள்?

கருவிகளைப் பற்றிக் கொஞ்சம். இடுக்கியைக் கண்டுபிடித்தவர்கள் இங்கிலாந்தில் குடியேறிய சேம்பர்லன் குடும்பத்தார். பதினேழாம் நூற்றாண்டில் அதைக் குடும்ப இரகசியமாகவே நூறு ஆண்டுகளுக்கு மேல் வைத்துப் பிழைத்தார்கள். உயிர் காக்கும் பொருளைப் பெட்டியில் பூட்டி வைத்தவர்களை எப்படி வாழ்த்துவது என்று தெரியவில்லை. பிள்ளையின் தலையில் கிண்ணத்தை ஒட்டவைத்து இழுக்கும் வெக்கியூமை சுவீடனின் மால்ம்ஸ்ட்ரோம் 1954இல் கொண்டுவந்தார். இடுக்கி தலையைச் சுற்றி இடம்பிடிக்கிறது. கிண்ணம் தலையின் மேல்மட்டும் ஒட்டுகிறது. தாயின் தசைக்கு வரும் காயத்தில் இரண்டுக்கும் இடையே இவ்வளவு வித்தியாசம் வருவதற்கு இதுவும் ஒரு காரணம். கருவிப் பிரசவத்தையும் பிரசவ நேரத்துக் கண்காணிப்பையும் உலகம் முழுக்கக் கற்பித்தவர்களில் ஒருவர் இலங்கைத் தமிழர்: சேர் சபாரத்தினம் அருள்குமரன். பிரித்தானிய மகப்பேற்று வைத்தியர்களின் ரோயல் கல்லூரிக்கு 2007 முதல் 2010 வரை தலைவராக இருந்தவர். 2012இல் உலக மகப்பேற்று வைத்தியர் சம்மேளனத்தின் தலைவரானார். பிள்ளையின் இதயத்துடிப்பு இறங்கும் நேரத்தில் கருவியை எடுக்காமல் இருப்பது கொடுமை. எடுக்கத் தேவையே வராதபடி பிரசவத்தை நடத்துவதும், எடுத்தால் எதை எடுப்பது என்று அறிவதும்தான் திறமை.

இனி, பிள்ளை வர வழி அகலட்டும் என்று பிறப்புவாயில் போடும் வெட்டுக்கு வருவோம். ‘எத்தனை தையல் போட்டாங்க?’ என்பது பிள்ளை பெற்றவளைப் பார்க்கப் போகும் பெண்கள் தணிந்த குரலில் கேட்கும் கேள்வி. முதல் பிரசவம் என்றால் வெட்டித்தான் ஆகவேண்டும் என்று நம் பக்கத்து நாடுகளில் நீண்ட காலம் நடந்தது. தானாகக் கிழிந்தால் கன்னாபின்னாவென்று கிழியும், நாம் நேராக வெட்டினால் தையலும் நேராக வரும் என்பது அதற்குச் சொல்லப்பட்ட தர்க்கம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆர்ஜென்டீனாவில் 2,606 பெண்களை இரு கூட்டமாகப் பிரித்து, ஒரு கூட்டத்துக்கு வழக்கம்போல வெட்டும், மற்றதற்குத் தேவைப்பட்டால் மட்டும் வெட்டும் என்று சோதித்து 1993இல் வெளியிட்டார்கள். முதல் கூட்டத்தில் நூற்றுக்கு எண்பத்துமூன்று பேருக்கும் மற்றதில் முப்பது பேருக்கும் வெட்டு விழுந்தது. மலவாய்வரை போகும் கடுங்கிழிசலோ இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். அதாவது நூற்றுக்கு ஐம்பதுக்கு மேற்பட்ட பெண்களுக்குத் தேவையில்லாமல் கத்தரி வைத்தும் எதுவும் தடுக்கப்படவில்லை. வழக்கமாக வெட்டுவதை உலக சுகாதார நிறுவனமும் இன்று பரிந்துரைப்பதில்லை.

தேவைப்படும்போது வெட்டுவதிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. கத்தரி வைக்கும் கணத்தில் அந்த இடம் பிள்ளையின் தலையால் உப்பி, பறைத்தோல் அளவுக்கு விறைத்து நிற்கிறது. நாற்பத்தைந்து பாகையில் சாய்வாக வெட்டியதாக வைத்தியர் நினைப்பார். தலை வெளியே வந்து தோல் சுருங்கிய பிறகு தையல் போடும்போது பார்த்தால், அந்தக் கோடு நடுக்கோட்டை நெருங்கி, மலவாயை நோக்கி நிற்கும். மலவாயை இறுக்கிப் பிடிக்கும் வளையத்தசை அங்கேதான் இருக்கிறது. ஆகவே விறைத்த தோலில் அறுபது பாகையில் வெட்டினால்தான், சுருங்கிய பிறகு பாதுகாப்பான சாய்வு மிஞ்சும். அயர்லாந்தில் 2006இல் வெளிவந்த ஆய்வொன்று, நடுக்கோட்டிலிருந்து ஒவ்வொரு ஆறு பாகை விலகும்போதும் கடுங்கிழிசலின் ஆபத்து பாதியாகக் குறைகிறது என்று காட்டியது. ஒரு பெண் அடுத்த நாற்பது ஆண்டுகள் காற்றையும் மலத்தையும் அடக்க முடியுமா என்பதைக் கத்தரியின் சில பாகைச் சாய்வு தீர்மானிக்கிறது.

அந்த வளையத்தசையின் கதையும் திரும்பிப் பார்க்க வேண்டியது. 1993இல் லண்டனில் அப்துல் சுல்தான் என்ற வைத்தியர், முதல் பிரசவம் முடிந்த பெண்களை மலவாய் ஸ்கேனில் பார்த்தார். மூன்றில் ஒரு பங்கினருக்கு மேல் அந்தத் தசையில் முறிவு இருந்தது. பிரசவ அறையில் யாரும் அதைக் குறித்து வைக்கவில்லை. கண்ணுக்குத் தெரியாத காயம் என்று உலகம் பேசியது. அவரே தன் குழுவினரோடு பின்னர் இன்னொரு ஆய்வில், பிரசவம் முடிந்தவுடன் தேர்ந்த கைகள் மறுபடி பார்க்கும்படி செய்தார். பெரும்பாலான முறிவுகள் மறைந்திருக்கவே இல்லை. நல்ல வெளிச்சமும் பொறுமையும் இருந்து, மலவாய்க்குள் விரல் வைத்துத் தடவிப் பார்த்தால் தெரிகிற காயங்களைத்தான் தவறவிட்டிருந்தார்கள். கண்டவுடன் தைத்தால் பெரும்பாலும் நன்றாகத் தேறும் காயம் இது. காணாமல் விட்டால் கதை வேறு.

இதைவிடச் சிக்கனமான ஒன்றும் உண்டு. தலை வெளிவரும் கட்டத்தில், சுடுநீரில் நனைத்துப் பிழிந்த சுத்தமான துணியை அந்த இடத்தில் ஒற்றி வைத்தால் கடுங்கிழிசல் குறைகிறது. பல பரிசோதனைகளைத் தொகுத்துப் பார்த்துக் கண்ட முடிவு அது. மருத்துவச்சிகள் காலங்காலமாக அறிந்ததுதான். முழுப் பலத்தையும் திரட்டி ‘முக்கு, முக்கு’ என்று சத்தம்போட்டு விரட்டாமல், உடம்புக்கு உந்துதல் வரும்போது அவளாக முக்க விடுங்கள் என்பதும் உலக சுகாதார நிறுவனத்தின் 2018 வழிகாட்டலில் இருக்கிறது.

சரி, இந்தத் தொல்லையெல்லாம் எதற்கு, சிசேரியன் செய்துகொண்டால் தீர்ந்தது என்று சிலர் நினைக்கிறார்கள். இலங்கையில் இன்று பத்தில் நான்கு பிரசவங்களுக்கு மேல் சிசேரியன்தான். அதற்குப் பல காரணங்கள்; இடுப்புத்தளம் அவற்றில் கடைசி. ஆனாலும் கேள்விக்குப் பதில் வேண்டும்.

அமெரிக்காவின் பால்ட்டிமோர் நகரில், முதல் பிரசவம் முடிந்து ஐந்து முதல் பத்து ஆண்டுகளான 1,528 பெண்களைச் சேர்த்து, ஆண்டுதோறும் பரிசோதித்து, 2018இல் முடிவை எழுதினார்கள். கருவியின்றி இயல்பாகப் பெற்றவர்களில், முதல் பிரசவத்திலிருந்து 15 ஆண்டுகளுக்குள் 34 வீதமானோருக்கு இருமினால் தும்மினால் சிறுநீர் கசியும் தொல்லை வந்தது. 30 வீதமானோருக்கு உறுப்பு இறக்கம், அதாவது கருப்பை போன்ற உறுப்புகள் கீழே சரிவது. சிசேரியன் செய்தவர்களுக்குக் கசிவின் ஆபத்து இதில் பாதிக்கும் குறைவு. இறக்கத்தின் ஆபத்து கால் பங்கை ஒட்டியது. கருவி போட்டவர்களுக்கு இறக்கத்தின் ஆபத்து ஏறக்குறைய இரு மடங்கு. இதைப் படித்ததும் சிசேரியன் வென்றதாகத் தோன்றும்.

நோர்வேயில் பதினையாயிரத்துக்கு மேற்பட்ட பெண்களிடம் எடுத்த கணக்கைப் பாருங்கள். பிள்ளையே பெறாதவர்களில் 10 வீதமானோருக்குச் சிறுநீர்க் கசிவு. சிசேரியன் மட்டுமே செய்தவர்களில் 16 வீதம். இயல்பாகப் பெற்றவர்களில் 21 வீதம். பத்து மாதம் சுமந்ததே ஒரு பங்கு வேலையைச் செய்துவிடுகிறது; கத்தி அதைத் தடுக்காது. அமெரிக்காவில் மடத்துக் கன்னியாஸ்திரிகள் 149 பேரிடம் கேட்டபோது, பிள்ளை பெறாத, பெரும்பாலும் மாதவிடாய் நின்ற அந்தப் பெண்களில் பாதிப்பேருக்குக் கசிவு இருந்தது. அதே ஆய்வாளர்கள் பின்பு அக்கா தங்கைச் சோடிகளை எடுத்தார்கள். ஒருத்தி பிள்ளை பெற்றவள், மற்றவள் பெறாதவள். இருவருக்கும் கசிவு ஏறக்குறைய சமம். வயது ஏற ஏற, பிரசவத்தின் பங்கு குறைந்து பரம்பரையும் முதுமையும் முன்னுக்கு வருகின்றன.

சிசேரியனுக்கு வேறொரு பற்றுக்கணக்கும் உண்டு. அடுத்த கர்ப்பத்தில் நஞ்சுக்கொடி தழும்பின் மேல் வேர்பிடித்துக் கருப்பையோடு ஒட்டிக்கொள்ளும் ஆபத்து ஏறத்தாழ மூன்று மடங்கு. இரத்தம் பெருக்கெடுத்துத் தாயைக் கொண்டுபோகக்கூடிய நிலை அது. மூன்று பிள்ளை வேண்டும் என்று நினைக்கும் வீட்டில், இருமும்போது வரும் கசிவைத் தவிர்ப்பதற்காக இதை வாங்கிக்கொள்வது நட்டக் கணக்கு என்பது என் தீர்ப்பு. பிள்ளைக்கோ தாய்க்கோ ஆபத்தென்று வைத்தியர் சொன்னால் செய்துகொள்ள வேண்டும், அது வேறு.

ஆகவே இயல்பா, சிசேரியனா என்று மட்டும் கேட்பது போதாது. இயல்பு என்றால் எப்படிப்பட்ட இயல்பு, பிறகு அவளை எந்த வேலைக்கு அனுப்பினோம் என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். பெல்மதுளையின் பெண்களுக்கு இந்த இரண்டாவது பாதிதான் கனமானது.

பிய்யாத தசைகூடப் பிரசவத்தில் தொய்ந்திருக்கும். அது மீண்டும் இறுகுவதன் பெரும்பகுதி முதல் ஆறு மாதங்களில் நடக்கிறது. 1939இன் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம் தோட்டப் பெண்ணுக்குத் தருவது பன்னிரண்டு கிழமை விடுமுறை. பிள்ளையைப் பிள்ளைமடுவத்தில் விட்டுவிட்டு அவள் மலையேறுகிறாள். கொழுந்துக் கூடையின் கயிறு தலையில், பாரம் முதுகில், கால் சரிவில். இறப்பர் என்றால் விடியலிலேயே பால் வெட்டி, வாளியைத் தூக்கிக்கொண்டு மரம் மரமாக இறங்க வேண்டும். கொழுந்து மடுவத்தில் நிறுக்கும்போது குனிந்து கூடையைத் தூக்கிக் கொடுக்கும் அந்தக் கணத்தைக் கவனியுங்கள். மூச்சு அடைபடுகிறது, வயிறு இறுகுகிறது, வயிற்றுக்குள் எழுந்த அழுத்தம் முழுவதும் கீழே, தேறாத தளத்தில் இறங்குகிறது. விறகடுப்புப் புகையால் தீராத இருமல் உள்ளவளுக்கு அதே அழுத்தம் நாளெல்லாம். மலையில் ஒதுங்க இடமில்லாததால் தண்ணீரே குடிக்காமல் வேலை செய்பவளுக்கு மலச்சிக்கலும் சேர்ந்துகொள்கிறது. இருமலும் மலச்சிக்கலும் உறுப்பு இறக்கத்தின் அறியப்பட்ட கூட்டாளிகள். பிள்ளை பெற்றவளுக்குக் காயமருந்து திரித்துக் கொடுப்பதில் குறையில்லை. வயிறு உள்ளே போகவேண்டுமென்று சேலைத்துணியால் இறுகக் கட்டுவதை மட்டும் கொஞ்சம் தளர்த்தலாம். மேலே இறுக்கினால் அழுத்தம் போவதற்குக் கீழே ஒரு வழிதான் இருக்கிறது.

சுமைக்கும் இறக்கத்துக்கும் உள்ள உறவை ஒரு நாடே நீதிமன்றத்தில் பேசியிருக்கிறது. நேபாள மலைகளில் பெண்கள் நெற்றிப்பட்டையில் மாட்டிய கூடையோடு, பிள்ளை பெற்ற சில நாட்களிலேயே மலையேறினார்கள். இலட்சக்கணக்கானோருக்குக் கருப்பை இறங்கியது. 2008இல் நேபாள உச்ச நீதிமன்றம், இது பெண்களின் இனப்பெருக்க உரிமை மீறல் என்று தீர்ப்பளித்து, அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும் என்றது. நெற்றிப்பட்டைக் கூடையும் நம் கொழுந்துக் கூடையும் தூரத்துச் சொந்தமல்ல. நம் மலைகளில் அப்படியொரு வழக்கு வரவில்லை என்பதால் நோயும் இல்லை என்றாகாது.

நோய் வெளியே வராததற்குக் காரணம் தேடி எங்கும் போக வேண்டாம். ‘ஏதோ கீழே இறங்குற மாதிரி இருக்கு’ என்று மாமியாரிடம் சொன்னால், ‘எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு, நாலு பெத்தவளுக்கு அது இருக்கும்’ என்பதோடு பேச்சு முடிந்துவிடும். கணவரிடம் சொல்ல வெட்கம். இந்தச் சப்ரகமுவ மாகாணத்து வைத்தியசாலைகளின் வெளிநோயாளர் பகுதியில், தமிழ் தெரிந்த ஊழியர் எல்லா நேரமும் இருப்பதில்லை. காய்ச்சலைச் சிங்களத்தில் சொல்லிவிடலாம். இதை, பக்கத்தில் பத்துப் பேர் நிற்கும்போது, எந்த மொழியில் சொல்வது? சேலைக்குள் துணி வைத்துக்கொண்டு வேலைக்குப் போய், கல்யாண வீட்டில் சிரிக்கப் பயந்து, இருபது ஆண்டுகளை ஓட்டிவிடுகிறார்கள்.

இத்தனைக்கும் இந்தத் தசையை வீட்டிலிருந்தே வலுவாக்கலாம். அமெரிக்க வைத்தியர் ஆர்னோல்ட் கேகல் 1948இல் எழுதிய பயிற்சி இன்றும் முதல் மருந்து. செய்வது இப்படி: ஓடும் சிறுநீரையும் வெளியேறும் காற்றையும் ஒரே நேரத்தில் அடக்குவதுபோல உள்ளே மேல்நோக்கி இழுத்துப் பிடிக்க வேண்டும். தொடையும் வயிறும் இறுகக் கூடாது. மூச்சு ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். சில வினாடி பிடித்து முழுதாகத் தளர்த்த வேண்டும். எட்டுத் தடவைக்குக் குறையாமல், நாளுக்கு மூன்று வேளை, மூன்று மாதம். பெரட்டுக்களத்தில் பேர் கொடுக்க நிற்கும்போதும் செய்யலாம், யாருக்கும் தெரியாது. கர்ப்பத்தின் தொடக்கத்திலேயே செய்யத் தொடங்கிய பெண்களுக்குக் கர்ப்பக் கடைசியில் கசிவு வரும் வாய்ப்பு பாதிக்கும் கீழே போனது என்று ஆய்வுத் தொகுப்பு சொல்கிறது.

இன்னொன்று, சுமை தூக்குபவளுக்கென்றே அளந்து தைத்தது. மிச்சிகன் குழுவினரே 1998இல் சோதித்தார்கள். இருமுவதற்கு ஒரு கணம் முன்பாக அந்தத் தசையை வேண்டுமென்றே இறுக்கச் சொல்லிக் கொடுத்தார்கள். ஒரே வாரத்தில் இருமும்போது வரும் கசிவு பெருமளவு நின்றது. ஒரு வாரத்தில் தசை பெருத்துவிடாது. எப்போது இறுக்குவது என்ற நேரத்தை அவர்கள் கற்றுக்கொண்டார்கள், அவ்வளவுதான். கூடையைத் தூக்குமுன், வாளியை எடுக்குமுன், பிள்ளையை இடுப்பில் ஏற்றுமுன் ஒரு கணம் உள்ளே இழுத்துப் பிடித்து, மூச்சை விட்டபடியே தூக்குவது. கசிவு இருப்பவள் முதலில் பழக வேண்டியது இது.

இறங்கியே விட்டதென்றாலும் கத்திதான் கதி என்றில்லை. பழைய கிரேக்கர்கள் மாதுளம்பழத்தைப் பாதியாக வெட்டி உள்ளே வைத்துக் கருப்பையைத் தாங்கினார்கள். அதன் இன்றைய வாரிசு ‘பெசரி’ எனும் மென்மையான வளையம். கிளினிக்கில் அளவு பார்த்துப் பொருத்துவார்கள். குறித்த காலத்துக்கொரு முறை கழற்றிச் சுத்தம் செய்து மீண்டும் வைக்க வேண்டும். அதுவும் போதாதவர்களுக்குச் சத்திரசிகிச்சை. அரச வைத்தியசாலையில் கட்டணம் இல்லை.

பிரசவித்த முதல் பத்து நாட்களுக்குள் மிட்வைஃப் இரண்டு தடவையாவது வீட்டுக்கு வரவேண்டும் என்பது இந்த நாட்டின் ஏற்பாடு. அவர் பிள்ளையின் நிறையையும் தொப்புளையும் தாய்ப்பாலையும் பார்ப்பார். ‘சிரித்தால், இருமினால் கசிகிறதா, காற்றை அடக்க முடிகிறதா, கீழே கனமாக இருக்கிறதா’ என்ற மூன்று கேள்விகளையும் அவர் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் தாயே சொல்லிவிட வேண்டும். மூத்த பெண்களுக்கு எம்.ஓ.எச். பணிமனையின் சுகவனிதையர் கிளினிக் இருக்கிறது. 1996இல் தொடங்கியது, முப்பத்தைந்து வயது தாண்டிய எவரும் போகலாம். அங்கே பிரஷரும் சீனியும் பார்த்து, கருப்பைக் கழுத்துச் சோதனையும் முடிந்ததும் எழுந்து வந்துவிடாதீர்கள், அக்கா. கதவைச் சாத்தச் சொல்லிவிட்டு, இதையும் சொல்லுங்கள். சிங்களத்தில் சொல்ல வராவிட்டால் மகளைக் கூட்டிக்கொண்டு போங்கள்.